பம்பு மாஸ்டரும் நிபுணர் ஐயாவும்

எட்டு என்பது அவனுடைய பட்டப்பெயர். எட்டுத் தொழில் தெரிந்தவன் என்று லேத்துப் பட்டறையில் கேலியாக வைத்தது. உருப்படியாகத் தெரிந்தது நாலுதான். இரண்டு பாதியில் நின்றுபோனவை. மீதி இரண்டு இனிமேல் கற்றுக்கொள்ளலாம் என்று இருப்பவை.

பதினேழு வருஷம் அந்தப் பட்டறையில் ஒரே அளவு புஷ் கடைந்தான். இரும்பு சுழலும், சீவல் சுருள் சுருளாக விழும், உள்ளங்கையில் அடங்குகிற வளையம் ஒன்று சூடாக வந்து விழும். பிறகு அடுத்தது. கண்ணை மூடிக்கொண்டே கடையலாம் என்கிற அளவுக்குக் கை பழகிவிட்டது. ஒருநாள் மதியம், சும்மா பார்ப்போமே என்று, நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு கடைந்தான். கட்டைவிரல் நகம் பிய்ந்து போயிற்று. புஷ் அளவு பிசகாமல் வந்திருந்தது.

"நகம் போனது பெரிசில்ல," என்று அன்றைக்கு வீட்டுக்காரியிடம் சொன்னான். "நான் இல்லாமயே புஷ் சரியா வருதே, அதான் பொறுக்க முடியல." மறுநாள் வேலையை விட்டான்.

சொந்தத் தொழில் என்று இறங்கியபோது, தெரிந்ததை எல்லாம் ஒரே விசிட்டிங் கார்டில் அடித்தான். பம்பு, மோட்டார் பழுது. சுவர்க்கடிகாரம் சீர்செய்தல். போட்டோ. மனு, கடிதம், அறிக்கை எழுதுதல். மருந்துக்கடைக்காரர் அந்தக் கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல நீங்க யாரு?"

"எல்லாமே நாந்தாங்க."

"அப்ப ஒண்ணுமே இல்ல," என்று சொல்லிவிட்டுக் கார்டை மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

ஆறு மாதத்துக்கு அதே கதைதான். மோட்டார் கெட்டவன் கார்டில் போட்டோ என்று பார்த்ததும் நழுவினான். கல்யாண வீட்டுக்காரர் கடிகாரம் என்று பார்த்ததும் முகம் சுளித்தார். கடைசியில் வீட்டுக்காரிதான் கத்தரிக்கோலை எடுத்தாள். அவள் ஆஸ்பத்திரிகளுக்கு நோயாளி அங்கி தைக்கிறவள், வெட்டிப் பிரிப்பது அவளுக்குக் கை வந்த கலை. ஒரு கார்டை நாலாக வெட்டினாள். ஒரு ஆளை நாலு ஆளாக ஆக்கினாள்.

அன்றிலிருந்து ஜன்னல் திட்டில் நாலு பழைய போன்கள் கிடந்தன. மாறிப் போகாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் ரப்பர் பேண்டு. தையல் மிஷினை மிதித்துக்கொண்டே அவள் எடுப்பாள். சிவப்பு அடித்தால் கடுகடுவென்று, "மாஸ்டர் வேலைல இருக்காரு, என்ன பிரச்சினை, சீக்கிரம் சொல்லுங்க." பச்சை அடித்தால் நிதானமாக, கடிகாரம் மாதிரியே ஒவ்வொரு வார்த்தையாக. நீலம் அடித்தால் குரலில் தேன் வழியும், அது போட்டோ. மஞ்சள் அடித்தால் மட்டும் மிஷினை நிறுத்தாமல் வேகமாக மிதிப்பாள்.

"பின்னாடி என்னம்மா சத்தம்?"

"டைப் அடிக்கிறாங்க சார். ஐயா பக்கத்துல நிக்கறாங்க."

மனு எழுதுகிற ஐயாவை யாரும் நேரில் பார்த்ததில்லை. எட்டு ஒருதரம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தான். ஆனால் நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை, வந்தவர்கள் கையையே பார்த்தார்கள். கண்ணில் படாத ஆளுக்குத்தான் மரியாதை என்று அப்போது தெரிந்துகொண்டான். அதற்குப் பிறகு ஐயா தபாலோடு சரி.

இப்படி மூன்று வருஷம் ஓடிற்று. ஓடிற்று என்பதைவிட இழுத்துக்கொண்டு போயிற்று என்று சொல்லலாம். நாலு பேர் உழைத்தும் ஒருத்தன் வயிறு நிரம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரியின் அண்ணன் வந்து முக்காலியில் உட்கார்ந்தான். அந்தப் பட்டறையில் அவன் ஃபோர்மேன்.

"மாப்ள, உன் லேத்து மறுபடியும் காலியாயிருக்கு. மொதலாளி வேற ஆளப் போடுங்கறாரு. ஒண்ணாந்தேதி வரைக்கும் நான் புடிச்சு வெச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது."

"எனக்குத் தொழில் இருக்கு மச்சான்."

"எது? அந்த ஜன்னல்ல காயப்போட்டிருக்கியே, அதுவா?" என்று போன்களைக் காட்டினான். "நீ செய்யறதுக்குப் பேரு தொழில் இல்ல மாப்ள. பொழுதுபோக்கு. நாலு கடைய தொறந்து வெச்சுட்டு நாலுலயும் நீயே ஈ ஓட்டற."

எட்டு வீட்டுக்காரியைப் பார்த்தான். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அந்தப் பெரிய கட்டட வேலை கெடச்சா இருந்துக்கட்டும்ணா. கெடைக்கலன்னா நானே ஒண்ணாந்தேதி சோத்து டப்பா கட்டிக் குடுத்து அனுப்பறேன்."

அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு முடிந்தது. எட்டுக்கு அந்தச் சூடான வளையம் மறுபடியும் உள்ளங்கையில் வந்து விழுவது போல இருந்தது.

பெரிய கட்டடம் என்றது அறுபது வீடு கொண்ட அடுக்குமாடி. அதன் அடித்தளத்தில், தரைத்தொட்டியிலிருந்து மொட்டைமாடிக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்பு ஒன்று தொண்டை கட்டியவன் மாதிரி கத்திக்கொண்டிருந்தது. சரிசெய்து, வருஷம் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். எட்டு காக்கிச் சட்டையில் போனான். காதை வைத்துக் கேட்டான், சுழல்கிற தண்டைத் தொட்டுப் பார்த்தான்.

"தொட்டிக்குள்ள குழாய் முனையில இருக்கற வால்வு தண்ணிய புடிச்சு வெக்க மாட்டேங்குது சார். பம்பு காத்தைக் குடிக்குது. அதனாலதான் பேரிங் தேயுது. வால்வ மாத்திட்டுத்தான் பேரிங்ல கை வெக்கணும்."

கட்டடச் செயலாளர் ரிட்டயர் ஆன அதிகாரி. ஒரு குண்டூசி வாங்கினாலும் மூன்று பேரைக் கேட்டு வாங்குகிறவர். எட்டு சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டார்.

"நல்லா சொன்னீங்க. ஆனா வேலை செய்யறவனே யோசனையும் சொல்லக் கூடாது பாருங்க. எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு நிபுணர் இருக்காரு. அவர ஒரு வார்த்தை கேட்டுக்கறோம்."

சாயங்காலம் மஞ்சள் போன் அடித்தது. செயலாளர்தான். போன வருஷம் குடிநீர் வாரியத்துக்கு ஐயா எழுதிக்கொடுத்த கடிதத்தில் சொக்கிப்போன மனிதர், அதிலிருந்து அவருக்கு எதற்கும் ஐயாதான் நிபுணர். பம்பு மாஸ்டர் சொன்னதை அனுப்புவதாகவும், அதை அலசி ஆராய்ந்து ஒரு மதிப்பீட்டு அறிக்கை வேண்டும் என்றும் கேட்டார்.

வீட்டுக்காரி போனை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வேலை கெடச்சாச்சுங்க! உங்களுக்கு நீங்களே சர்ட்டிபிகேட் குடுங்க. நல்லா நாலு வார்த்தை பாராட்டி எழுதுங்க."

எட்டு மேஜையில் உட்கார்ந்தான். 'மேற்படி மெக்கானிக்கின் யோசனை முற்றிலும் சரியானது' என்று ஆரம்பித்தான். படித்துப் பார்த்தான். சொந்தக்காரன் எழுதிக்கொடுத்த சிபாரிசு மாதிரி இருந்தது. குறை சொல்லாத அறிக்கையை எவன் நம்புவான்? ஒரு சின்னக் குறை சேர்த்தால் நம்பகமாக இருக்கும் என்று பட்டது. உறிஞ்சு குழாயின் இணைப்புகளில் காற்றுக்கசிவு உண்டா என்று மெக்கானிக் சோதித்தாரா? சோதித்ததாகத் தெரியவில்லை. நல்ல வரி. மோட்டாரும் பம்பும் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்று பார்த்தாரா? அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அடடா, இதுவும் நல்ல வரி. எழுதுகிற வேலையில் எட்டுக்கு ஒரு கெட்ட பழக்கம், வாக்கியம் நன்றாக வந்துவிட்டால் கை நிற்காது. பக்கம் முடியும்போது ஏழு ஆட்சேபணை சேர்ந்திருந்தது. கடைசி வரி இப்படி: 'காதால் கேட்டு நோயைச் சொல்லும் இம்முறை அனுபவசாலிகளுக்கே உரியது. இவர் அத்தகையவர் என்பதற்கு ஆதாரம் எதுவும் நம் முன் இல்லை.'

தபாலில் போட்டுவிட்டு வந்த பிறகுதான் வீட்டுக்காரி நகலைப் படித்தாள்.

"என்னங்க இது? பாராட்டச் சொன்னா பாடை கட்டி வெச்சிருக்கீங்க?"

"இல்ல, நடுநிலையா இருக்கணும்ல..."

"நடுநிலையாம்! ஒண்ணாந்தேதி லேத்துகிட்ட போய் நடுநிலையா நில்லுங்க."

மூன்றாம் நாள் சிவப்பு போனில் செயலாளர் அந்தக் கடைசி வரியை ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டினார். இங்கேதான் எட்டு யாரும் செய்யாத காரியத்தைச் செய்தான். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பதினேழு வருஷம் இரும்போடு கிடந்தவனைப் பார்த்து, மேஜையில் உட்கார்ந்து பேனா பிடிக்கிறவன் ஆதாரம் கேட்பதா?

"அந்த ஆளு பம்ப படத்துலயாவது பாத்திருக்கானா சார்?" என்று போனிலேயே எகிறினான். "கூப்புடுங்க, நேர்ல வரச் சொல்லுங்க!"

போனை வைத்தவனை வீட்டுக்காரி ஏற இறங்கப் பார்த்தாள். "யாரத் திட்டறீங்க?"

"அவனத்தான்."

"எவன?"

எட்டு மறுநாள் காலையில் எழுந்ததும் கருவிப் பையை எடுத்துக்கொண்டு அடித்தளத்துக்குப் போனான். மோட்டாரைப் பம்போடு சேர்க்கிற இணைப்பைத் திறந்து, நேரான இரும்புப் பட்டையை வைத்துப் பார்த்தான். மோட்டாரும் பம்பும் மயிரிழை விலகித்தான் இருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தான்.

"என்ன, அவன் சொன்னது சரியா தப்பா?" என்றாள்.

"சரிதான்," என்றான் எட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு. "அதுக்காக அப்படியா எழுதறது?"

பம்பு மாஸ்டர் ஒரு விளக்கக் கடிதம் கொடுத்தார், வேண்டுமென்றே கொச்சையாக, இரண்டு பிழையோடு. நிபுணர் ஐயா அதற்கு மறுப்பு எழுதினார், மேற்கோள் குறிகளோடு. செயலாளருக்கு வாயெல்லாம் பல். இரண்டு வல்லுநர்கள் இப்படி மோதிக்கொள்கிறார்கள் என்றால் பம்பு எவ்வளவு பெரிய விஷயமாக இருக்க வேண்டும்! மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம் வைத்தார். இரண்டு பேரும் நேரில் வர வேண்டும், கூட்டம் தீர்ப்புச் சொல்லும். மறுநாள் ஒண்ணாந்தேதி.

கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எட்டு காக்கிச் சட்டையில் ஓரமாக நின்றான். அவனுக்கு நாற்காலி போடவில்லை. முன்வரிசையில் மெத்தை வைத்த நாற்காலி ஒன்று காலியாக இருந்தது, நிபுணர் ஐயாவுக்கு. எட்டு நின்றுகொண்டே அந்த மெத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தனக்காகப் போட்ட நாற்காலியில் தான் உட்கார முடியாமல் கால் கடுக்க நிற்கிற முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று தோன்றிற்று.

பதினொரு மணி ஆனது. செயலாளர் எழுந்தார். "ஐயா வரல. அவரு ஒப்புதல் இல்லாம இந்த மெக்கானிக்குக்கு வேலை குடுக்க முடியாது. குடுக்கலாமா?"

"கூடாது, கூடாது," என்றார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அன்று காலை குளிக்கத் தண்ணீர் வரவில்லை.

எட்டுக்கு லேத்தின் சத்தம் காதில் கேட்டது. இனி மூடி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

"சார், ஐயா வந்தாச்சு. நாந்தான் அது. அந்த அறிக்கை பூரா நான் எழுதினது."

சிரிப்பு ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் பரவிற்று. நாலாம் மாடி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, உன்னையே திட்டி நீயே எழுதினியா?" என்றார் செயலாளர்.

"ஆமா சார்."

"எதுக்கு?"

அதுதான் எட்டுக்கே தெரியவில்லை. "தப்பு இருந்துச்சு சார். எழுதினேன்."

இரண்டாம் மாடி பல் டாக்டர் எழுந்தார். "இங்க பாருங்க. நான் பல் டாக்டர். வேர் சிகிச்சைன்னா நானே வேற ஆள வரவெக்கறேன். ஒரு வாய்க்குள்ளயே ரெண்டு ஆள் வேணும். இவரு மோட்டாரும் பாப்பாராம், இலக்கணமும் எழுதுவாராம்!"

"பேப்பர் குடுங்க, இங்கயே எழுதிக் காட்டறேன்!"

கொடுத்தார்கள். சுவரில் பேப்பரை வைத்து, நின்றபடியே எட்டாவது ஆட்சேபணையை எழுதினான். செயலாளர் வாங்கிப் படித்தார். புருவம் உயர்ந்தது. திரும்பவும் படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "ஐயாவோட கடிதங்கள மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கான். சரி, இதுக்கு ஒரே வழிதான்." போனை எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, ஐயாவின் எண்ணை அழுத்தினார்.

தடதடவென்று தையல் மிஷின் சத்தம் கார் நிறுத்தும் இடம் முழுக்கக் கேட்டது.

"வணக்கம் சார். ஐயா முக்கியமான ஒரு அறிக்கை சொல்லிட்டிருக்காங்க, டைப் ஓடிட்டிருக்கு. கூட்டத்துக்கு வர முடியலன்னு ரொம்ப வருத்தப்பட்டாங்க."

"ஏய்! நாந்தான் பேசறேன்!" என்று எட்டு கத்தினான். "சொல்லிடு! எல்லாம் சொல்லிடு!"

மிஷின் ஒரு கணம் நின்றது. மூன்று வருஷம் நாலு ஆளைக் கட்டிக் காத்தவள் அவள். எது வந்தாலும் விட்டுக்கொடுக்காதே என்று அவனே சொல்லி வைத்திருந்தான்.

"யாரு சார் அது, பின்னாடி கத்தறது?" என்றாள். "பார்த்துக்கங்க, ஐயாவுக்குச் சத்தம் ஆகாது."

மிஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது. கூட்டத்துக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. படித்த மனிதருடைய உழைப்பைத் தன்னுடையது என்று சொன்னதற்காக, பம்பு மாஸ்டர் ஐயாவுக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். எட்டு எழுதினான். தரமாகத்தான் எழுதினான், தரம் குறைத்து எழுத அவனுக்குக் கை வரவில்லை.

ஒண்ணாந்தேதி காலையில் மச்சான் சைக்கிளோடு வாசலில் நின்றான். வீட்டுக்காரி சோத்து டப்பாவைக் கட்டி வைத்திருந்தாள். ஆனால் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. "நீங்களே ஒத்துக்குவீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்பதை அன்று காலை மட்டும் நாலு தரம் சொல்லிவிட்டாள். எட்டு பழைய பட்டறைச் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

மஞ்சள் போன் அடித்தது. அவள் பழக்கத்தில் காலை மிஷினில் வைத்துவிட்டுத்தான் எடுத்தாள்.

செயலாளர் ஒரு பெரிய கம்பெனியிடம் பம்பு வேலையைக் கொடுத்துவிட்டாராம். பம்பைத் தவிர வேறு எதையும் தொடாத கம்பெனி. அவர்கள் வேலையை மேற்பார்வை செய்து மாதாமாதம் ஐயா அறிக்கை தர வேண்டும். நேரில் வர வேண்டியதில்லை, போட்டோ எடுத்து அனுப்புவார்கள். சுற்றுவட்டாரத்தில் இன்னும் ஆறு கட்டடங்களும் ஐயாவையே கேட்கின்றன. ஒரு வருஷத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம்.

"ஐயாகிட்ட சொல்றேன் சார்," என்று வைத்தாள். பிறகு டப்பாவின் முடிச்சை அவிழ்த்தாள்.

"என்னாச்சு?" என்றான் மச்சான்.

"பம்பு வேலை போச்சு மச்சான்," என்றான் எட்டு. "பம்பு வேலைல குத்தம் கண்டுபுடிக்கிற வேலை வந்திருக்கு."

மச்சான் சைக்கிள் ஸ்டாண்டை எடுத்தான். "கெட்டிக்காரன் மாப்ள நீ. எங்க பட்டறையிலயும் அதுக்குத்தான் மேஜை நாற்காலி போட்டு, காத்தாடியும் போட்டிருக்கான்." சைக்கிளைத் திருப்பிக்கொண்டு லேத்துக்கு வேறு ஆள் பார்க்கப் போனான்.

முதல் மாதப் போட்டோ வந்தது. பம்புக்குப் பளபளவென்று நீல வண்ணம் அடித்திருந்தார்கள். பேரிங் புதுசு. வால்வு அதே பழசு. நிபுணர் ஐயா ஒன்பது ஆட்சேபணை எழுதினார். நாலாம் நாள் சிவப்பு போனில் ஒரு குரல் கெஞ்சிற்று. கம்பெனி ஆள். சுவிட்சுப் பெட்டிக்குள் பம்பு மாஸ்டர் முன்பு ஒட்டிவிட்டு வந்த சீட்டில் எண்ணைப் பார்த்தானாம்.

"அண்ணே, எவனோ ஒரு நிபுணராம், உயிர எடுக்கறான். அவன் கேக்கறது எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. மூட்டைகட்டற வேலைக்குச் சேர்ந்தவன் நான். சட்டைய மாட்டி பம்பு ஆளுன்னு அனுப்பிட்டானுங்க. நீங்க வந்து முடிச்சுக் குடுங்கண்ணே. யாருக்கும் தெரிய வேணாம்."

எட்டுக்குக் கை நமநமவென்றது. ஒரு மாதமாகப் பேனாவை மட்டுமே பிடித்திருந்தான்.

மறுநாள் காலை, கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொண்டு தரைத்தொட்டியின் வாய் வழியாக உள்ளே இறங்கினான். இடுப்பளவு தண்ணீர். இருட்டில் விரலாலேயே தடவி வால்வைக் கண்டுபிடித்தான். அதன் நாக்குத் தேய்ந்து சப்பையாகக் கிடந்தது, அன்றைக்குக் காதால் கேட்டுச் சொன்னானே, அப்படியே. புதிதைப் பூட்டினான். மேலே வந்து நேர்கோட்டைச் சரிசெய்தான், மறுபடியும் இறங்கி இணைப்புகளை ஒவ்வொன்றாக இறுக்கினான். கம்பெனி ஆள் சுவிட்சைப் போட்டான். பம்பு முனகலே இல்லாமல் ஓடிற்று.

அப்போது மேலே செருப்புச் சத்தம். செயலாளர்.

"அட! சத்தமே இல்லையேப்பா!"

"ஆமாங்க சார்," என்றான் கம்பெனி ஆள்.

"பாத்தியா? கூட்டத்துலயே சொன்னோம்ல. ஒரே தொழில்ல ஊறினவன் கை வெச்சா அதுவே தனி. இதுக்கு முன்னாடி ஒருத்தன் வந்தான், காதை வெச்சுக் கேட்டான், கதையெல்லாம் சொன்னான். இப்ப எங்க இருக்கானோ." தொட்டியின் வாயில் அவர் நிழல் விழுந்தது. "உள்ள யாரு?"

"நம்ம ஆளுதான் சார். புடிச்சுக் குடுக்கறதுக்கு."

"நல்லா கத்துக்கச் சொல்லு," என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார்.

இடுப்பளவு தண்ணீரில் நின்ற எட்டு மூச்சுக்கூட விடவில்லை. நிழல் போனதும் கடைசி இணைப்பை மறுபடியும் தடவிப் பார்த்தான். ஒரு மரை கால் சுற்று இறுக வேண்டியிருந்தது. ஸ்பேனரைப் போட்டு இறுக்கினான். இந்த மாத அறிக்கையை மனசுக்குள் எழுதத் தொடங்கினான். 'வேலை திருப்திகரமாக உள்ளது' என்று முதல் வரி வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த மரையை முதலிலேயே ஏன் சரியாக இறுக்கவில்லை என்று யாராவது அந்த ஆளைக் கேட்கத்தானே வேண்டும்?